கலைச்சொல் தேவை: 'ரிட்ராக்டபிள் லேடர்' - மடக்கு ஏணியா, உள்வாங்கு ஏணியா?

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்கூட ஏணிகளுக்கான ஆய்வு அட்டையைத் தமிழில் எழுத, 'ரிட்ராக்டபிள் லேடர்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'மடக்கு ஏணி' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. மடக்குவதென்றால் கீல் இருக்க வேண்டும். இந்த ஏணியில் கீலே கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள் உள்ளே போகின்றன. அட்டையில் 'மடக்கு ஏணி' என்று இருந்தால், ஆய்வு செய்பவர் இல்லாத கீலைத் தேடிவிட்டு, பார்க்க வேண்டிய பூட்டைப் பார்க்காமல் விட்டுவிடுவார்.

என் பரிந்துரை 'உள்வாங்கு ஏணி'. கடல் உள்வாங்கியது என்று சொல்கிறோம் அல்லவா, அதே வினைதான். நீண்டு நின்றது தன் இடத்துக்குத் திரும்பிப் போவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வினை எனக்குத் தோன்றவில்லை. கயிறும் கப்பியும் கொண்டு மேல்பாகத்தை உயர்த்தும் ஏணிக்கு 'நீட்டு ஏணி' என்பது இருக்கட்டும். அது வேறு பொருள்.

உறுப்புகளுக்கு நான் வைத்திருப்பவை: பக்கக் குழாய், படி, கழுத்து வளையம் (குழாய்கள் சேரும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் வளையம்), பூட்டாணி, விடுவிப்புப் பொத்தான், ரப்பர் கால். 'லாக்கிங் பின்' என்பதற்குப் 'பூட்டுமுள்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். முள் குத்தும், சுமை தாங்காது. இந்த உறுப்போ ஆளின் எடையையே தாங்குகிறது. அதனால் ஆணி.

---

> என் பரிந்துரை 'உள்வாங்கு ஏணி'.

வினை பொருத்தமாக இருக்கிறது. இரண்டு தடைகள் சொல்கிறேன்.

முதலாவது எழுத்தைப் பற்றியது. புணர்த்தி எழுதினால் 'உள்வாங்கேணி' ஆகிவிடும். படிப்பவர் கண்ணுக்கு 'கேணி' தனியே தெரியும், நீர் வற்றும் கிணறு என்று பொருள்படும். மடக்கேணி, செருகேணி, அடுக்கேணி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். நூலேணி, கண்ணேணி ஆகியவற்றில் இது வராததற்குக் காரணம் முதற்சொல்லின் ஈற்றெழுத்து. ஆகவே பிரித்தே எழுத வேண்டும் என்று சொல்லோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

இரண்டாவதுதான் பெரிய தடை. ஆங்கிலப் பெயர் ஒன்றே என்றாலும் அதன்கீழ் இரண்டு வேறு பொறிகள் வருகின்றன. ஒன்று, நீங்கள் சொன்ன செருகு குழாய் வகை, கையில் எடுத்துச் செல்வது. மற்றொன்று சுவரிலோ மேடையிலோ நிலையாகப் பொருத்தியது: கொண்டியை விடுவித்தால் ஏணி தண்டவாளத்தில் வழுக்கி இறங்கும், எதிரெடை அதை மேலே இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே அட்டையும் வைத்தால் ஆபத்து. பழுதாகும் இடங்களே வேறு வேறு.

செருகு குழாய் வகையில் ஒவ்வொரு படியின் இரு முனையிலும் ஒரு பூட்டாணி உண்டு. பின்னாலுள்ள சுருள்வில் அதைத் துளைக்குள் தள்ளுகிறது. ஒரு பக்க ஆணி மட்டும் அமர்ந்து மறுபக்கம் அரைகுறையாக நின்றால், வெறும் கையால் அழுத்திப் பார்க்கும்போது ஏணி உறுதியாகவே தெரியும். ஆள் ஏறியதும் சுமை ஒரே குழாயில் விழும், படி திருகும், அரைகுறை ஆணி நழுவும், அந்தப் பாகம் கீழ்ப்பாகத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே நீட்டிய பிறகு, ஏறுவதற்கு முன்பு, ஒவ்வொரு படியிலும் இரு பக்கத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். 'டிக்' ஓசையை மட்டும் நம்பக் கூடாது, இரண்டு ஆணிக்கு ஓர் ஓசைதான் கேட்டிருக்கக்கூடும்.

துளையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். எஃகு ஆணி அலுமினியத் துளையை நாளடைவில் முட்டை வடிவாக்கிவிடும். அப்படித் தெரிந்தால் ஏணி முழுவதையும் ஒதுக்க வேண்டியதுதான். ஆணி ஒட்டிக்கொண்டு மெதுவாக வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சிமென்ட் தூசி, தளர்ந்த சுருள்வில், அல்லது ஈரத்தில் எஃகும் அலுமினியமும் சேர்ந்து அரித்த வெள்ளைப் பொடி. உப்புக் காற்றில் மூன்றாவது விரைவாக வரும்.

எண்ணெய் விடும் பழக்கத்துக்கு அட்டையில் தனி எச்சரிக்கை வேண்டும். குழாயில் எண்ணெயோ கிரீஸோ பூசினால் முதல் நாள் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு தூசியைப் பிடித்து உப்புத்தாள் போலக் குழாயைத் தேய்க்கும். ஈரத்துணியால் துடைத்து உலர விடுவதே முறை. தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும் உலர் சிலிக்கான் தெளிப்பு, அதுவும் படியில் படாமல். குழாய் நசுங்கியிருந்தால் தட்டி நேராக்க முயல வேண்டாம். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தினால் அந்த இடம் பலம் இழக்கும். பற்றவைத்தாலும் சூட்டில் பதம் போய்விடும்.

எதிரெடை வகையில் பூட்டாணி வரிசையே கிடையாது. அங்கே உயிர், ஏணியையும் எதிரெடையையும் கப்பி வழியே இணைக்கும் கம்பிவடத்தில் இருக்கிறது. அறுந்த இழை, துரு, கூண்டு போல விரிந்த முறுக்கு, கப்பி விளிம்பில் ஏறிய தேய்மானம், இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். வடமுனையை யூ வடிவக் கவ்வி பிடித்திருந்தால், சேணம் (வடம் அமரும் பள்ளமுள்ள கட்டை) சுமை தாங்கும் பக்கத்திலும் வளைகம்பி (யூ வடிவக் கம்பி) வெட்டுமுனைப் பக்கத்திலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வளைகம்பி சுமைப்பக்க இழைகளை நசுக்கும். புதிய வடம் முதற்சுமையில் சற்று மெலியும், அதனால் கவ்வியின் மரைகளை மறுபடி முறுக்க வேண்டும்.

இறக்கிப் பார்க்கும் சோதனையில் பக்கவாட்டில் நிற்க வேண்டும், ஏணிக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. விட்டுவிட்டு இறங்கினால் தண்டவாளத்தில் அழுக்கு அல்லது இறுகிய கப்பி. சட்டென்று விழுந்தால் வடமோ எடையோ போய்விட்டது. வடத்தைக் கழற்றும் முன் ஏணியையும் எடையையும் தனித்தனியே தாங்கிக் கட்ட வேண்டும், ஒன்றை மட்டும் கட்டினால் மற்றது விழும்.

---

> இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே அட்டையும் வைத்தால் ஆபத்து.

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'உள்வாங்கு ஏணி' என்பது அகராதியில் பொதுத் தலைப்பாக மட்டும் இருக்கட்டும். அட்டையிலும் ஏணியில் ஒட்டும் சீட்டிலும் 'செருகுகுழாய் ஏணி', 'எதிரெடை ஏணி' என்ற இரண்டு பெயர்கள்தான் வர வேண்டும். சிலர் எதிரெடைக்குப் பதில் கேஸ் ஸ்பிரிங் (உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தால் தண்டைத் தள்ளும் உருளை) வைக்கிறார்கள். அதற்கு 'வாயுவில் ஏணி' என்று மூன்றாவது பெயர் தேவைப்படும். வாயுவில்லில் தண்டின் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ஏணி தானே மேலே போகத் தயங்குகிறதா என்று பார்த்தால் அழுத்தம் குறைவது தெரிந்துவிடும்.

'குழாயேணி' என்று சுருக்கலாமே என்று தோன்றியது. குழாயால் செய்த எந்த ஏணியையும் அது குறிக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

செருகுகுழாய் ஏணியின் அட்டையில் சாய்வுக்கு ஒரு வரி வேண்டும்: உயரம் 4 பங்கு என்றால் அடி 1 பங்கு தள்ளி, அதாவது ஏறத்தாழ 75 பாகை. மேல்தளத்தில் இறங்குவதாக இருந்தால் தளவிளிம்புக்கு மேல் 90 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். சுமைவரம்பு ஐரோப்பிய ஈஎன் 131 தரத்தில் 150 கிலோ. ஆளும் கருவியும் சேர்ந்த எடை அது என்று எழுதாவிட்டால் ஆளின் எடையை மட்டும் கணக்கிடுவார்கள். எந்த முனையிலிருந்து நீட்டத் தொடங்குவது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதற்கு ஏணியில் ஒட்டியுள்ள தகட்டைப் பார்க்கச் சொல்லலாம். தகடு அழிந்திருந்தால் அதுவும் ஒரு பழுதே.

விரல் நசுங்குவது உள்வாங்கும் நேரத்தில்தான். 'பக்கக் குழாயை வெளிப்புறமாகப் பிடி, படிகளுக்கு இடையில் கை வைக்காதே' என்ற வரியைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும்.

'அவுட் ஆஃப் சர்வீஸ்' சீட்டுக்குப் 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதினால், சும்மா கிடக்கிற ஏணி என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். 'ஏறாதே - பழுது' என்று சிவப்பில் போடலாமா? மாற்றுச்சொல் இருந்தால் அனுப்புங்கள்.