ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்

நாமக்கல் பக்கம் எங்கள் லேயர் (முட்டைக்கோழி) பண்ணை. இரண்டு வருடம் முன்பு இறக்கிய பேட்சில், 14-வது வாரம் ஒன்றிரண்டு கோழிகள் நொண்டின. கம்பியில் கால் மாட்டியிருக்கும் என்று நினைத்து, தண்ணீரில் வைட்டமின் கலந்து கொடுத்தோம். நான்கே நாளில் இருபதைத் தாண்டிவிட்டது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிப் படுத்திருந்த கோழியைப் பார்த்ததும் அப்பா, "இது மேரெக்ஸ் வைரஸ் நோய் மாதிரி இருக்குதுப்பா, டாக்டரைக் கூப்பிடு" என்றார்.

டாக்டர் அறுத்துப் பார்த்தார். ஈரலில் வெள்ளைக் கட்டிகள். அப்புறம் தொடைச் சதையை விலக்கி இரண்டு நரம்பையும் காட்டினார். ஒன்று பளபளவென்று வெள்ளை நூல் மாதிரி, குறுக்கே மெல்லிய வரிகளோடு. மற்றது தடித்து, வரி மறைந்து, சாம்பல் மஞ்சளாக இருந்தது. விளங்காமல் போனது அந்தக் கால்தான்.

முதல் நாளே தடுப்பூசி போட்ட குஞ்சுகள்தான். "குஞ்சு வளர்க்கும் புரூடர் ஷெட் எங்கே?" என்று டாக்டர் கேட்டார். பழைய லேயர் ஷெட்டுக்கு முப்பது அடி தள்ளி. இந்த வைரஸ் இறகு வேரில் பெருகி, இறகுத் தூசியோடு பறக்கும். குஞ்சு அதை மூச்சில் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி பிடிக்க ஒரு வாரமாவது வேண்டும். தூசி அதற்குள் முந்திவிட்டது. தடுப்பூசி கட்டியைத் தடுக்கும், வைரஸ் தொற்றுவதைத் தடுக்காது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நன்றாக முட்டையிட்ட பழைய கோழிகளிடமிருந்தே வந்திருக்கிறது. 400-க்கும் மேல் இழந்தோம்.

---

அண்ணா, எங்களுக்கு வந்தது வேறு. 26-வது வாரம், நொண்டலே இல்லை. கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்தும் அளவுக்கு இளைத்துச் செத்தன. அறுத்தால் வயிறு முழுக்க ஈரல். நரம்பு சுத்தம், ஆனால் எச்சத் துவாரத்துக்கு மேலே உள்ள பர்சா என்ற உறுப்பில் கட்டி. லிம்பாய்டு லூக்கோசிஸ் என்றார்கள், இதுவும் வைரஸால் கட்டி வரும் நோய்தான். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருமாம். இதற்குத் தடுப்பூசியும் இல்லை. தாய்க்கோழிகளைப் பரிசோதித்துக் கழிப்பதுதான் வழி. இப்போது குஞ்சு வாங்கும்போது முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

முட்டை சாப்பிடலாமா என்று அம்மா பயந்தார். இந்த இரண்டு நோயும் மனிதருக்கு வராது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

அந்த ஷெட்டில் மறுபடி குஞ்சு விட்டீர்களா?

---

இல்லை தம்பி. புரூடரைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டோம். குஞ்சு பார்க்கும் ஆள் பெரிய கோழி ஷெட்டுக்குள் போவதே இல்லை.