மறு: இடுப்பு ஒருபுறம் தாழ்வதற்குக் கலைச்சொல் தேவை

அவையோர்க்கு வணக்கம். இயன்முறை மருத்துவ மாணவர்க்கான பாடமொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். ‘கால்நீள வேறுபாடு’ என்னும் சொல் இடர் தரவில்லை. ஒரு கால் குட்டையாக இருந்தால், நிற்கும்போது அப்பக்கத்து இடுப்பு தாழ்கிறது. அதை ஈடுகட்டித் தலையை நேராக நிறுத்த, முதுகெலும்பின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் குட்டைக் காலின் பக்கமாகப் புடைத்து வளைகிறது. இத்தாழ்வை ‘இடுப்புச் சாய்வு’ எனலாமா?

-----

ஐயா, ‘சாய்வு’ போதாது. இடுப்புக்கூடு முன்னோ பின்னோ கவிழ்வதற்கும் அதுவே வழங்குகிறது. வள்ளுவரிடம் கேளுங்கள்: துலாக்கோலுக்கு அவர் சொன்னது ‘அமைந்தொருபால் கோடாமை’. கோடுவது, அதாவது வளைவது, கோட்டம்; ஒருபால் கோடுவது ‘ஒருபாற்கோட்டம்’. லகரம் றகரமாகத் திரிந்தது புணர்ச்சி விதிப்படியே. கோணல், கோணம், கொடுவாள், கொடுக்கு என வளைவுப் பொருளில் ஒரு பெருங்குடும்பமே இச்சொல்லுக்குத் துணை நிற்கிறது. குடம், குடங்கை (குவித்த உள்ளங்கை) ஆகியவற்றையும் இதனோடு சேர்க்கலாம் என்பது என் கருத்து.

-----

குடங்கைவரை போய்விட்டோம், இடுப்புக்குத் திரும்புவோம். ‘கோட்டம்’ என்றால் மாணவர்க்குக் கோயிலோ நிர்வாகப் பிரிவோதான் தோன்றும். நோயாளியை நிற்கவைத்து, பின்னாலிருந்து இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளில் தட்டையாக வைத்து, குட்டைக் காலின் கீழ் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, கைகள் ஒரே உயரத்துக்கு வரும்வரை பார்க்கிறோம். அப்போது எங்கள் வாயில் வருவது ‘மட்டம்’. ஆகவே ‘இடுப்பு மட்டக்குலைவு’ என்பேன்.

-----

‘குலைவு’ என்றால் ஏதோ முறிந்துவிட்டதைப் போல் ஒலிக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு பலருக்கு உண்டு; அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தொல்லையே இராது. ‘இடுப்பிறக்கம்’ எளிய சொல்லாயிற்றே?

-----

அது வேண்டாம். ஒற்றைக் காலில் நிற்கும்போது, ஊன்றிய பக்கத்துப் பிட்டத் தசை வலுவிழந்திருப்பதால் மறுபக்கம் தாழ்வதற்கு அச்சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அங்கே இரு கால்களும் சமநீளமாகவே இருக்கலாம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், தசைக்குப் பயிற்சி தர வேண்டியவருக்குக் குதிகாலில் அட்டை வைத்து அனுப்பிவிடுவார்கள்.

-----

நேரமில்லை. முன்சாய்வு, பின்சாய்வு, ‘பக்கச்சாய்வு’ என ஒரே வரிசையில் வைக்கிறேன். நால்வர் இசைந்துவிட்டார்கள், ஒருபாற்கோட்டம் அடைப்புக்குறிக்குள் இடம்பெறும்.

-----

அடைப்புக்குறி கொடுத்தமைக்கு நன்றி. என் மறுப்பு நிற்கிறது. ‘பக்கச்சாய்வு’ எந்தப் பக்கத்தைச் சொல்கிறது? ‘வலப்பக்கச்சாய்வு’ என்று எழுதினால் வலம் தாழ்ந்ததா, வலம் உயர்ந்து இடம் நோக்கிச் சாய்ந்ததா? ‘வலத்தாழ்வு’, ‘இடத்தாழ்வு’ என்றாவது பிரித்து எழுதுங்கள்.

-----

‘இடத்தாழ்வு’ என்பதை மாணவர் ‘தாழ்வான இடம்’ என்று படிப்பார்களே, ஐயா!