பெரியப்பா வீட்டு வைஃபை எங்கே அறுகிறது?

*பெரியப்பா:* இன்றும் வகுப்பு பாதியில் நின்றுவிட்டது. முக்கோணவியல் கணக்கைப் பாதி போட்டிருந்தேன், என் படம் அப்படியே உறைந்துவிட்டதாம். பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. மனசு கேட்கவில்லை.

*நெய்வேலி அண்ணன்:* இணைப்பையே மாற்றிவிடுங்கள் பெரியப்பா. லாரன்ஸ் ரோட்டில் புது ரவுட்டரும் கிடைக்கும்.

*நான்:* காசைக் கொட்டுவதற்கு முன் எங்கே அறுகிறது என்று பார்த்துவிடலாம் அண்ணா. பெரியப்பா, ரவுட்டர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா? எரிந்தால் வெளிக் கம்பியில் சிக்னல் வரவில்லை என்று பொருள்.

*பெரியப்பா:* இல்லை அம்மா. எல்லாம் பச்சைதான்.

*பெரியம்மா:* அவர் கணினி நிற்கும்போதுகூட, அதே அறையில் என் கைப்பேசியில் படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

*நான்:* அப்படியானால் வெளியிலிருந்து வரும் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது போலும். உறுதிசெய்ய ஒரு சோதனை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, சி.எம்.டி. என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்தினால் கறுப்புச் சாளரம் வரும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள எண்ணை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். மறுபடி இடம் விட்டு, ஒரு சிறு கோடும் டி என்ற எழுத்தும் அடித்து என்டர் அழுத்துங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு சாளரத்தில் அதே போல 8.8.8.8. அது வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் எண். ரவுட்டரிடமிருந்தே பதில் வராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் பதில் தந்து, 8.8.8.8 மட்டும் தவறினால் கோளாறு வெளியே.

*பெரியப்பா:* இரண்டிலும் பதில் ஒழுங்காக வருகிறது. ரவுட்டர் 2, 3 மில்லி செகண்டு.

*நான்:* வகுப்பு நடக்கும்போதும் ஓடவிட்டுப் பாருங்கள்.

*பெரியப்பா:* (இரவு 7.20) வகுப்பு தொடங்கியதும் ரவுட்டருக்கே 400, 900 என்று ஏறி, இப்போது 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரிசையாக விழுகிறது.

*நெய்வேலி அண்ணன்:* திருப்பாதிரிப்புலியூர் பழைய வீடு, சுவர் அவ்வளவு தடிமன். அதுதான்.

*நான்:* சுவர் காலையிலும் அங்கேதானே இருக்கிறது அண்ணா! வகுப்பு நேரத்தில் மட்டும் புதிதாக என்ன நடக்கிறது?

*பெரியம்மா:* அந்த நேரத்தில் மவுசும் திக்கித் திக்கித்தான் நகர்கிறது. பேட்டரி மாற்றியும் அப்படியே.

*நான்:* வயர் இல்லாத மவுசா? பெரியம்மா, நல்ல துப்பு கொடுத்தீர்கள்! கணினியின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

*பெரியம்மா:* 📷 படம்

*நான்:* நீல நிற யு.எஸ்.பி. துளையில் ஒரு ஹார்டு டிஸ்க், அதை ஒட்டினாற்போல் கணினிக்கு வைஃபை பிடித்துத் தரும் குட்டிக் கருவியான டாங்கிள், அதற்குக் கீழே மவுசின் குட்டி முனை. அந்த ஹார்டு டிஸ்க் எதற்குப் பெரியப்பா?

*பெரியப்பா:* வகுப்பைப் பதிவு செய்ய. வர முடியாத பிள்ளைகளுக்கு மறுநாள் அனுப்புவேன்.

*நான்:* கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நீலத் துளை என்றால் பெரும்பாலும் யு.எஸ்.பி. 3.0. அதில் தரவு பாயும்போது எழும் மின் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. பல வைஃபை டாங்கிள்களும் இந்த வகை மவுசும் பேசுவது அதே 2.4இல்தான். பக்கத்தில் மேளம் அடிக்கும்போது தூரத்திலிருந்து கூப்பிடுகிற குரல் கேட்குமா? கேபினெட்டின் இரும்புத் தகடு வேறு டாங்கிளை மறைக்கிறது.

*பெரியப்பா:* அப்படியானால் பதிவை நிறுத்த வேண்டுமா? அந்தப் பிள்ளைகள் பாவம்.

*நான்:* வேண்டவே வேண்டாம். இப்போதைக்குக் கணினியின் உள் டிஸ்க்கிலேயே, டி டிரைவில் பதியுங்கள். வகுப்பு முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கைச் செருகி நகல் எடுத்துக்கொள்ளலாம்.

*பெரியப்பா:* (மறுநாள், இரவு 8.15) தடங்கலே இல்லை! ரவுட்டர் கடைசிவரை 2, 3தான். மவுசும் வழுக்கிக்கொண்டு போகிறது. விட்டுப்போன கணக்கையும் சேர்த்து முடித்தேன்.

*லாஸ்பேட்டை அத்தை:* அப்பாடா. எங்கள் வீட்டு மாடியில் 5 ஜி என்று முடியும் வைஃபை பெயரில் சேர்ந்தால்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. அதற்கும் இதுதானா?

*நான்:* அது வேறு அத்தை. 5 ஜிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். மாடியில் மற்ற பெயரில் சேர்ந்து பாருங்கள். ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள்.

*நெய்வேலி அண்ணன்:* ஞாயிறு கடலூர் வருகிறேன். யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி வரட்டுமா?

*நான்:* ஆமாம் அண்ணா, ஒரு மீட்டர் போதும். டாங்கிளை மேசைமேல் ஏற்றிவிடுங்கள். முடிந்தால் லேன் வயரும் கொண்டு வாருங்கள். ரவுட்டரிலிருந்து கணினிக்கு அதை இழுத்துவிட்டால் வகுப்புக்கு வைஃபையே தேவைப்படாது.

*பெரியம்மா:* வயரை வாசற்படி ஓரமாக ஆணி அடித்து இழுங்கள். நடுவில் கிடந்தால் நான் தடுக்கி விழுவேன்.

*நெய்வேலி அண்ணன்:* சரி பெரியம்மா, கிளிப்பும் எடுத்து வருகிறேன்.