'காலம்' 'கலம' ஆன கதை

எங்கள் ஊர் வாசகசாலையின் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. நாலைந்து பேர் தட்டச்சு செய்த கோப்பு. தலைப்புகளுக்கு நடுவே நட்சத்திரக் குறி, சாய்கோடு, மேற்கோள், எங்கிருந்தோ ஒட்டிய புல்லட் புள்ளிகள். பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி ரெஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடி மாற்றும் வாய்பாடு) எழுதினேன்: எழுத்து, எண், இடைவெளி தவிர மற்றதெல்லாம் போகட்டும். அதற்கு எல்லாரும் போடும் அதே பேக்ஸ்லாஷ் டபிள்யூதான் (\w), 'சொல்லில் வரும் எழுத்து' என்பதற்கான குறியீடு.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கோப்பைத் திறந்தால் 'நூலகம்' 'நலகம' என்று நின்றது. கலம், காலம், கோலம் மூன்றுமே 'கலம'. மனசு பதறிவிட்டது. அந்த 'கலம' முன்பு எதுவாக இருந்தது என்று இனி எந்த நிரலாலும் சொல்ல முடியாது. மூலக் கோப்பு பென்டிரைவில் தனியாக இருந்ததால் பிழைத்தேன்.

நமக்குக் 'கா' ஓர் எழுத்து. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் அது இரண்டு: க, அப்புறம் துணைக்கால். க எழுத்து வகை. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் குறி வகை. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதி எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. குறிகளை வழித்து எறிந்துவிடுகிறது. ஆய்தம் எழுத்து வகையில் இருப்பதால் தப்பியது. 'ஃபைல்' 'ஃபல' ஆனது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் அதே டபிள்யூ எழுத்துகளில் ஆங்கிலத்தை மட்டுமே அறியும், தமிழ் முழுக்கக் காணாமல் போகும். அதுவே பரவாயில்லை, உடனே கண்ணில் படும். பாதி மிஞ்சுவதுதான் ஆபத்து.

சரிசெய்தது இப்படி: யூனிகோடில் தமிழுக்கான 128 இடங்களை, அதாவது 2944 முதல் 3071 வரை, விட்டுவைக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தேன். நீக்கிய இடத்தில் வெறுமை வைக்காமல் ஓர் இடைவெளி வைத்தேன். இல்லாவிட்டால் 'கதை/கவிதை' ஒட்டிக்கொண்டு 'கதைகவிதை' ஆகிவிடும். அடுத்தடுத்து வந்த இடைவெளிகளைப் பிறகு ஒன்றாக்கினேன்.

இப்போது எந்த ரெஜெக்ஸ் எழுதினாலும் 'கோலம், ஃபைல், கௌதாரி' என்ற வரியை முதலில் அதில் ஓட்டுகிறேன். காற்புள்ளி மட்டும் போய் மூன்று சொல்லும் முழுசாக வந்தால்தான் கோப்பைத் தொடுவேன்.