லிட்டருக்கு எம்புட்டு குடுக்குது? மதுரையில் மைலேஜ் பார்த்து கார் வாங்கியவர்களின் அனுபவம்

அண்ணாநகரிலிருந்து

நம்ம ஊரில் புது கார் வாங்கினால் சொந்தக்காரர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "லிட்டருக்கு எம்புட்டு குடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். அப்பாவுக்கு ஒரு சின்ன பெட்ரோல் கார் தேடியபோது நானும் அதே கேள்வியோடுதான் கிளம்பினேன். ஷோரூமில் காட்டிய எண்கள் பிரமாதமாக இருந்தன. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில் வேகன் ஆர் ஒரு லிட்டர் எஞ்சின் மேனுவலுக்கு 24.35, செலெரியோவில் ஒரு ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் கியர் தானாக மாறுவது) மாடலுக்கு 26.68, 2024 மே மாதம் வந்த புது ஸ்விஃப்ட் ஏஎம்டிக்கு 25.75.

இவை பொய்யான எண்கள் இல்லை. எப்படி எடுத்தவை என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புனேயில் இருக்கிற ஏஆர்ஏஐ போன்ற ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, இருபது நிமிடத்துக்குள் முடிகிற ஒரே மாதிரி ஓட்டத்தில் அளக்கிறார்கள். வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி போடுவதில்லை. மதுரையில் சித்திரை வெயிலில் ஏசி போடாமல் கார் ஓட்டுகிறவர் யார்? அந்த எண் ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிட மட்டும் உதவும். நம் வண்டி என்ன கொடுக்கும் என்று சொல்லாது.

அதனால் நாங்கள் பார்த்து வைத்திருந்த மாடலை ஓட்டுகிறவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "மைலேஜ் எவ்வளவு?" என்றால் எல்லாருமே நல்லபடியாகக் கிடைத்த ஒரு நாளைச் சொல்வார்கள். "தினமும் எங்கேயிருந்து எங்கே ஓட்டுறீங்க, எப்படி அளந்தீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் வரும். கீழமாசி வீதியில் மொத்தக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் 14 என்றார். மேலூரிலிருந்து நான்குவழிச் சாலையில் வந்து மாட்டுத்தாவணியோடு திரும்பிவிடுகிற ஒருவர், அதே வண்டிக்கு 21 என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். குளிர்ந்த எஞ்சின் சூடாகும்வரை பெட்ரோலைக் கூடுதலாக எடுக்கும். மூன்று நாலு கிலோமீட்டரில் பயணமே முடிந்துவிட்டால் பாதி வழி அந்த நிலையிலேயே போய்விடும். மீதிப் பாதி முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் கழியும்.

அப்பாவுக்கு வீட்டிலிருந்து கடைக்குப் போக வேண்டும். கோரிப்பாளையம், யானைக்கல், சிம்மக்கல் என்று நெரிசல் எல்லாம் அந்த ஒரே வழியில் இருக்கிறது. மாதம் 500 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். வருஷத்துக்கு 6,000. லிட்டருக்கு 14 கொடுக்கிற வண்டி 429 லிட்டர் குடிக்கும். 18 கொடுத்தால் 333. பெட்ரோலை நூறு ரூபாய் என்று வைத்தாலும் வருஷ வித்தியாசம் பத்தாயிரத்தைத் தொடவில்லை. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் மாதிரி பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் இருக்கிற ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டிகளுக்கு 27.97 என்று போட்டிருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை பேட்டரியில் சேர்த்து, ஊர்ந்து போகும்போது மோட்டாரிலேயே ஓடுவதால் அவை நெரிசலில்தான் நன்றாகச் செய்யும். ஆனால் அப்பாவின் ஓட்டத்தில் அது 22 கொடுத்தாலும் மிச்சம் வருஷத்துக்குப் பதினாறாயிரம்கூட வராது. விலையோ பல லட்சம் கூடுதல். எடை குறைந்த சின்ன பெட்ரோல் வண்டியே போதும் என்று முடிவு செய்து, இடது காலுக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று ஏஎம்டி எடுத்தோம். நகருக்குள் மட்டும் ஓடுகிற வண்டியில் நான் முதலில் பார்ப்பது எடையைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் கவனிப்பதில்லை. 10,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 10 கொடுக்கிற பழைய வண்டியை விட்டு 15 கொடுக்கிற வண்டிக்கு மாறினால் 333 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்கு மாறினால் 100 லிட்டர்தான். கூடுவது இரண்டிலும் அதே ஐந்துதான், ஆனால் பணம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்கெனவே நன்றாகக் கொடுக்கிற வண்டியை, இன்னும் கொஞ்சம் மைலேஜுக்காக மாற்ற நினைப்பவர்கள் இதை ஒரு தடவை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து

அண்ணாநகர் தம்பி சொன்ன கணக்கு சரி. என் ஓட்டம் நேர் எதிர். தினமும் திருநெல்வேலி பக்கம் நான்குவழிச் சாலையில் போகிறவன், அதனால் டீசல் எடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. 85-லேயே பிடித்துப் போனால் ஒரு மைலேஜ், 110-இல் போனால் வேறு மைலேஜ். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும். 85-க்கும் 110-க்கும் நடுவில் அது ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. விருதுநகர் போய்ச் சேர்வதில் மிச்சமாகும் நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு.

டீசல் நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர எஞ்சின் நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா டீசல் வாங்கி, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடவும் காய்கறி வாங்கவும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. "மாப்ள, இது என்னடா புதுசா எரியுது?" என்று சாவியோடு வந்து நின்றார். ஏறி உட்கார்ந்து நான்குவழிச் சாலையில் கள்ளிக்குடி தாண்டி ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் விளக்கு அணைந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம் என்று வைத்துக்கொண்டார். மாருதி அதே 2020-இல் டீசல் கார்களையே நிறுத்திவிட்டது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு டீசல் வேண்டாம். இதை யாரிடமும் நான் தயங்காமல் சொல்வேன்.

மீட்டர் திரையில் காட்டுகிற சராசரியை நம்பி முடிவு எடுக்காதீர்கள். என் வண்டியில் அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது. ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப், கன் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டாப் போட்டுரவாண்ணே?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரை சைபராக்கி, டேங்க் முக்கால்வாசி தீரும்வரை ஓட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ்.

உசிலம்பட்டியிலிருந்து

நான் வாடகைக்கு ஓட்டுகிறவன். சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுகிற வேகன் ஆர். ஒரு கிலோவுக்கு 34 என்று கம்பெனி சொல்கிறது. மதுரை, தேனி ரோட்டில் ஏசி போட்டு ஓட்டி 27, 28 எனக்குக் கிடைக்கிறது. என் ஓட்டத்துக்கு இது சோறு போடுகிற வண்டி. மாதம் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். பெட்ரோல் மாடலைவிட அதிகமாகக் கொடுத்த பணம் சீக்கிரமே திரும்பிவிடும்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும் இல்லையா. டிக்கியில் 60 லிட்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. கேஸ் எட்டு ஒன்பது கிலோ பிடிக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் பெட்டியோடு வந்தால் கேரியரில் கட்ட வேண்டியதுதான். பெட்ரோலில் 67 குதிரைத்திறன் இருக்கிற அதே எஞ்சின் கேஸில் 57-தான் கொடுக்கும். சமதளத்தில் இது தெரியாது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திணறும்போது நன்றாகத் தெரியும். நான் மலையடிவாரத்திலேயே பட்டனைத் தட்டி பெட்ரோலுக்கு மாற்றிவிடுவேன். சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். பழைய சிஎன்ஜி வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைக் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் கேஸ் பங்க் இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் நிரப்பவே தனியாகப் போய்வர வேண்டும் என்றால் மிச்சமாகிற பணம் அதிலேயே கரையும்.

வில்லாபுரத்திலிருந்து

எங்களிடம் இருப்பது 2016 மாடல் பெட்ரோல் கார். ஸ்கூலுக்குத் தினமும் அதில்தான் போகிறேன். சமீபமாக மைலேஜ் குறைந்தது. சர்வீஸ் கொடுத்த இடத்தில் பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றி பில் போட்டார்கள். பெரிய மாற்றம் இல்லை. ஒரு காரணம் பெட்ரோலிலேயே இருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே சொல்லியிருக்கிறது. எனவே செகண்ட் ஹேண்ட் தேடுகிறவர்கள் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள், இ20 என்கிற இந்த 20 சதவீதக் கலவைக்கு ஏற்ற பாகங்களோடு வந்திருக்கும்.

திருமங்கலத்து அண்ணன் சொன்ன மாதிரி ஃபுல் டேங்க் போட்டு அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்று அளவு ஒட்டியிருக்கிறது. குனிந்து பார்த்தேன், 33 என்று போட்டிருந்தது. என் டயர்களில் இருந்தது 26. காலையில் வண்டி ஓடுமுன் காற்று அடிக்கிறேன் இப்போது. குறைந்ததில் ஒரு பகுதி திரும்பிவிட்டது.

மேலூரிலிருந்து

புது வண்டி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியிருக்கிறது. நாலு மீட்டருக்குள் நீளம், எஞ்சின் அளவு பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி வரை இருந்தால் 18 சதவீதம். அதற்கு மேலே பெரிய வண்டிகளுக்கு 40. யாராவது அதற்கு முன்னால் போட்டுக் கொடுத்த விலைக் கணக்கை வைத்து சிஎன்ஜியா பெட்ரோலா என்று யோசித்துக்கொண்டிருந்தால், புது விலையை வாங்கி இன்னொரு தடவை போடுங்கள்.