கேரவனா, மோட்டார் ஹோமா? மேலூர்த் தம்பிக்கும் புதிதாக ஆஸ்திரேலியா வந்திருக்கிற மற்றவர்களுக்கும்

தம்பி, மெல்போர்ன் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, டிசம்பர் லீவுக்கு மேலூரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேர் ஊர் சுற்ற வேண்டும், கேரவன், மோட்டார் ஹோம் இரண்டில் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நான் அடிலெய்டில் பதினான்கு வருடம் இருந்தவள். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் இப்போது அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் இருக்கிறேன். இரண்டு வண்டியிலும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த வருடம் இரண்டையும் வாங்காதே. ஆறு படுக்கை உள்ள மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடு. பள்ளி லீவு நேரம் என்பதால் இப்போதே புக் பண்ணிவிடு.

முதலில் பேரைத் தெளிவாக்கிக்கொள்வோம். மதுரையில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்களுக்கு நிற்கிற வண்டி. ஆஸ்திரேலியாவில் கேரவன் என்பது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற வீடு. அதில் இன்ஜின் கிடையாது. இன்ஜினும் வீடும் ஒரே வண்டியாக இருந்தால் அது மோட்டார் ஹோம். உன் அப்பாவிடம் போனில் கேரவன் என்று சொன்னால் அவர் வேறொன்றை நினைத்துக்கொண்டு வருவார்.

உனக்கு மோட்டார் ஹோம் சொல்வதற்குக் காரணம் உன் ஆறு பேர் கணக்குதான். இழுத்துப் போகும் கேரவனுக்குள், ஓடும்போது ஒருவரும் உட்காரக் கூடாது. சட்டம் அது. அம்மாவுக்கு இடுப்பு வலி, உள்ளே கொஞ்சம் படுத்துக்கொண்டு வரட்டும் என்பதெல்லாம் நடக்காது. அப்படியானால் ஆறு பேரும் காருக்குள்தான். ஐந்து சீட் கார் போதாது. ஏழு சீட் காரில் மூன்றாவது வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடம் இருக்காது. மோட்டார் ஹோமில் பெல்ட் போட்டு ஆறு பேரும் ஒன்றாக வரலாம், தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் பேசிக்கொண்டே வரலாம். ஆனால் படுக்கை எத்தனை என்று மட்டும் கேட்காதே, பெல்ட் எத்தனை என்று கேள். குழந்தை சீட்டின் மேல்வாரை மாட்டும் கொக்கி எந்தெந்த இருக்கையில் இருக்கிறது என்றும் கேள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த குழந்தை சீட் அங்கே செல்லாது. ஆஸ்திரேலியத் தரமுத்திரை உள்ளதே வேண்டும்.

லைசென்ஸுக்கு வருவோம். மொத்த எடை 4.5 டன் வரை உள்ள மோட்டார் ஹோமை சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம். வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள்தான் இருக்கும். கேரவன் போன்ற டிரெய்லரை இழுக்கத் தனி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் விக்டோரியாவில் சிவப்பு பி பலகையோடு (21 வயதுக்குள் முதல் லைசென்ஸ் எடுத்தவர்கள் முதல் வருடம் மாட்டுவது) ஓட்டுகிறவர்களுக்கு, வேலை, விவசாயம் போன்ற சில காரணங்களைத் தவிர, டிரெய்லர் இழுக்க அனுமதி இல்லை. 

இனி எடை. புதிதாக வருகிறவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. எனக்கு மனசு பதறுவது இதற்காகத்தான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் அப்பா முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு டிராக்டரிலும் ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர். பாரம் ஏற்றும்போது அவர் வாயில் ஓயாமல் வரும் வார்த்தை முன்பாரம், பின்பாரம். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். கேரவனும் அதே வண்டிதான். மாடு இருக்கும் இடத்தில் கார் இருக்கிறது. கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிமேல் உட்கார வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். அதுதான் நம் முன்பாரம்.

நாங்கள் கேரவன் வாங்கிய முதல் வருடம் இது எனக்கு உறைக்கவில்லை. கிரைண்டர், இருபது கிலோ அரிசி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் கடைசி அலமாரியில் அடுக்கினேன். மவுண்ட் கேம்பியர் போகும் வழியில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் கேரவனின் வால் ஒரு பக்கம் ஒதுங்கியது, பிறகு மறுபக்கம், ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாக. கார் எங்கள் கையில் இல்லை. பின் சீட்டில் இருந்த அப்பா, “பின்பாரம், பின்பாரம்! மெல்ல விடு!” என்று கத்தினார். என் வீட்டுக்காரர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகவே பிடித்து, காருக்குள் இருக்கும் கன்ட்ரோலில் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் போட்டார். நின்றது. இரண்டு பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தார்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தாலோ ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பியிருந்தாலோ கவிழ்ந்திருப்போம். அன்றைக்குச் சாலையோரத்திலேயே எல்லாவற்றையும் இறக்கி, கனமானதையெல்லாம் சக்கரத்துக்கு மேலே, தரையோடு தரையாக அப்பாதான் அடுக்கித் தந்தார்.

எடைக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார். கேரவனின் தகட்டில் இரண்டு எண் இருக்கும். டேர் என்பது வெறும் வண்டி. ஏ.டி.எம். என்பது சாமானோடு சேர்த்து அது தாண்டக் கூடாத எடை. டேர் 2,000 கிலோ, ஏ.டி.எம். 2,400 என்று வைத்துக்கொள். நீ ஏற்றக்கூடியது 400 கிலோ. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரம்பியிருந்தால் அதிலேயே 160 போயிற்று. இரண்டு கேஸ் சிலிண்டர், ஓரத்துக் கூடாரம், கூடுதல் பேட்டரி என்று போனால் துணிமணிக்கும் அரிசிக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். இப்போது காருக்கு வா. உன் காரால் 600 கிலோ சுமக்க முடியும் என்று வை. பெரியவர்கள் நான்கு பேர் 280, பிள்ளைகள் இருவர் 50, கொக்கிமேல் வரும் முன்பாரம் 240. ஆக 570. பாக்கி முப்பது கிலோ. அம்மா கொண்டுவரும் ஊறுகாய், பொடி, பலகாரப் பெட்டியே அதைத் தின்றுவிடும். விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து யாரும் கேரவன் வாங்காதீர்கள். கார் இழுக்கும், சுமக்காது.

பிரேக்கும் அப்படித்தான். 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும்.

அப்படியானால் கேரவனே வேண்டாமா என்று கேட்டால், இல்லை. அங்கேயே நிலைத்து, சொந்த வீடும் நிறுத்த இடமும் வந்தபிறகு நான் கேரவனைத்தான் சொல்வேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நம் சனங்கள் கூண்டு வண்டி கட்டி வந்த காலத்தை நினைத்துப் பார். வைகை மணலில் வண்டியை நிறுத்தி, மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டிவிட்டு, வண்டி நிழலில் அடுப்பு மூட்டினார்கள். கேரவனின் சுகம் அந்த அவிழ்த்துவிடுவதுதான். ஒரு ஊரில் ஐந்து நாள் தங்கினால் கேரவனை அங்கேயே விட்டுவிட்டு காரை மட்டும் எடுத்துக் கடற்கரைக்கோ கடைக்கோ போகலாம். மோட்டார் ஹோமில் பால் வாங்கப் போனாலும் வீடு முழுவதும் கூடவே வரும். மூன்று மீட்டர் உயரத்தோடு அடுக்கு கார் பார்க்கிங்குக்குள் நுழையவே முடியாது. தினமும் ஊர் மாறுகிற பயணமா, மோட்டார் ஹோம். ஓரிடத்தில் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிற லீவா, கேரவன்.

ரிவர்ஸ் எடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு அப்பாவின் டிராக்டர் பாடம்: கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் வை. டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. ஒரு காலி மைதானத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகினால் போதும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3219 என்றால் 2019இன் 32ஆவது வாரம் செய்தது. மேல்பட்டை தேயாமலே டயர் கிழமாகியிருக்கும். உள்மூலைகளை விரலால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கடன் பாக்கி உண்டா என்பதை பி.பி.எஸ்.ஆர். அரசுப் பதிவேட்டில் 2 டாலர் கட்டிப் பார்த்துவிடலாம்.

கீழே கமெண்டில் ஒரு தங்கச்சி, வண்டிக்குள் சமைப்பது பற்றிக் கேட்டிருந்தார். தாளிப்பை உள்ளே வைத்துக்கொள்ளாதேம்மா, புகை அலாரம் அலறும், மெத்தையில் வாடை வாரக்கணக்கில் நிற்கும். வெளியே பந்தல் விரித்து அடுப்பை அங்கே வை. கேரவன் பார்க்கில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) கிடைக்கிற கரண்ட் 15 ஆம்ப், ஏறக்குறைய 3,400 வாட். இண்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகிவிடும். வண்டிக் கழிப்பறைப் பெட்டி ஆறு பேருக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது, அதனால் பார்க்கில் இருக்கும் கழிப்பறையையே பயன்படுத்துங்கள். தெற்கு ஆஸ்திரேலியா எல்லையில் பழ ஈ பரவக் கூடாது என்பதற்காகப் பழங்களையும் சில காய்களையும் தடுப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் தேனும் போகாது. கறிவேப்பிலையைப் பொடியாக்கி எடுத்துப் போங்கள்.

தம்பி, கேரவன்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் உன் காரின் மாடலையும், பார்த்து வைத்திருக்கிற கேரவனின் தகட்டில் உள்ள எண்களையும் இங்கே போடு. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறோம்.