ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் எழுதிவைத்து வாசிக்கும் குழந்தைகள்: தடுக்கலாமா?

கேள்வி: அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் குழந்தைகளில் பெரும்பாலோர் 26 எழுத்துகளையும் வரிசை பிசகாமல் சொல்வார்கள். கரும்பலகையில் இருப்பதை நான்கு கோடு நோட்டில் அச்சுப் போல எழுதிவிடுவார்கள். ஆனால் பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லைக் காட்டினால்கூட, ‘சி, ஏ, டி’ என்று எழுத்துகளின் பெயரைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பலர் பாடநூலில் ஒவ்வொரு சொல்லின் மேலும் பென்சிலால் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிலருக்கு வீட்டில் அக்காவோ அண்ணனோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் தங்குதடையின்றி ஒப்பிக்கிறார்கள். அதை அழித்துவிட்டால் ஒரு வரிகூட நகர்வதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்

வணக்கம் அம்மா. சொல்லின் மேல் தமிழில் எழுதுவதை நிறுத்துங்கள், தமிழை நிறுத்தாதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு.

குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள இரு சொற்களையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’ என்றே நிற்கும். தமிழ் எழுத்தைப் பார்த்து வாசிக்கும் குழந்தையின் கண் கீழே உள்ள ஆங்கில எழுத்துக்கு இறங்குவதே இல்லை. எனவே எத்தனை முறை வாசித்தாலும் அந்த எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு ஏற்படாது.

ஆனால் அந்த ஒலிகள் நம் குழந்தைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. ‘பம்பரம்’ என்று சொல்லச் சொல்லி, தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பகரத்தை ஒலிக்கத் தொடங்கும்போது தொண்டை அதிர்வதில்லை. இரண்டாவது பகரத்தில் அதிர்கிறது. அந்த இரண்டாவது ஒலிதான் ‘பஸ்’ என்னும் சொல்லின் முதல் ஒலி. இப்படியே ‘சங்கு’, ‘வண்டி’ ஆகிய சொற்களிலிருந்து பந்தாட்டத்தில் போடும் ‘கோல்’, நாயைக் குறிக்கும் ‘டாக்’ ஆகியவற்றின் முதல் ஒலிகளை எடுத்துக் காட்டலாம். ‘பென்’ என்று சொல்லும்போது உதட்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால், ஆங்கிலேயர் ஒலிக்கும் விதத்தில் அது படபடக்கும். நம் ‘பல்’லுக்கு ஏறக்குறைய அசையாது. குழந்தைகள் இதை விளையாட்டாகவே செய்து பார்ப்பார்கள்.

இன்னொன்று, எழுத்தின் ஒலியைச் சொல்லிக் கொடுக்கும்போது பலரும் ‘பு’, ‘டு’ என்று உகரம் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். பிறகு ஒலிகளைக் கூட்டச் சொன்னால் குழந்தைக்குப் ‘பு-இ-னு’ என்றுதான் வரும். அதிலிருந்து ‘பின்’ பிறக்காது. நம் குழந்தைகளுக்கோ புள்ளி வைத்த மெய்யெழுத்து தெரியும். இந்த எழுத்தின் ஒலி ‘ப்’, ‘பு’ அல்ல என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பழகிய பிள்ளைக்கு, ஒலிகளைக் கூட்டி வாசிப்பது புதிய செயலே அல்ல. தமிழைத் தள்ளிவைத்தால் இந்த உதவி முழுவதும் வீணாகிவிடும்.

அகர வரிசையில் போக வேண்டாம். எஸ், ஏ, ஐ, என் ஆகிய நான்கோடு ‘டைகர்’, ‘பென்’ ஆகிய சொற்களின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால், அந்த ஆறிலிருந்தே ‘சிட்’, ‘டின்’, ‘டிப்’ எனப் பல சிறு சொற்களை முதல் மாதத்திலேயே குழந்தைகள் தாமாக வாசித்துவிடலாம்.

பதில் 2: ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

ஐயா சொன்ன பம்பர உத்தியை நாளையே செய்து பார்க்கப் போகிறேன். ஆயினும் ஒலிகளைக் கூட்டி வாசிப்பதில் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் 2006-இல் வாசிப்புக் கற்பித்தல் குறித்த ஜிம் ரோஸ் அறிக்கை வந்த பிறகு அம்முறையே பள்ளிகளில் முதன்மை பெற்றது. அங்குள்ள பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கு வரும் முன்பே அச்சொற்களை ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். எழுத்தைக் கூட்டியதும் பொருள் தானாக வந்து நிற்கும். நம் குழந்தை ‘டிப்’ என்று சரியாகக் கூட்டினாலும் அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. பொருள் தெரியாத வாசிப்பும், மேலே எழுதிவைத்து ஒப்பிப்பதும் என் பார்வையில் அருகருகே இருப்பவைதாம்.

அதனால் நான் செவியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வகுத்த முறை இது: ஆசிரியர் கட்டளையைச் சொல்லித் தாமே செய்து காட்டுவார், குழந்தைகள் உடலால் பதில் சொல்வார்கள், வாய் திறக்கும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை. ‘டச் த டோர்’, ‘ஓப்பன் த பேக்’ என்று தொடங்கி, சில வாரங்களில் ‘டேக் த சாக் அண்ட் புட் இட் அண்டர் த சேர்’ வரை போய்விடலாம். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு இது மிகவும் பொருந்துகிறது. சிறியவர்கள் பெரியவர்களைப் பார்த்துச் செய்கிறார்கள். பேசாமலே இருந்த ஒரு முதல் வகுப்புச் சிறுமி, ஒருநாள் தானே எழுந்து நின்று எனக்கு ‘சிட் டவுன்’ என்று கட்டளையிட்டாள். நானும் உட்கார்ந்தேன். கேட்டுப் பழகிய இந்தச் சொற்களையே பிறகு எழுத்தில் காட்டினால், கூட்டி வாசிப்பதற்குப் பொருள் துணை நிற்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கட்டளை விளையாட்டில் பழகும் சொற்களிலிருந்தே ஒலிக்கூட்டலுக்கு வேண்டிய சொற்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்று எனப் பொருள்படும் ‘ஒன்’, இருந்தது எனப் பொருள்படும் ‘வாஸ்’, சொன்னான் எனப் பொருள்படும் ‘செட்’ போல எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத சொற்கள் பாடநூலில் முதல் பக்கத்திலிருந்தே வருகின்றனவே, அவற்றை என்ன செய்வது?

பதில் 1 எழுதியவர்

தலைமையாசிரியர் சொன்னதை ஏற்கிறேன்; செவிப்பழக்கம் இல்லாத வகுப்பில் அதுவே முதலில் வர வேண்டும். நீங்கள் கேட்ட சொற்களை வாரத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில் அட்டையில் எழுதி, முழுச் சொல்லாகவே முகம் பழகுவதுபோலப் பழக்குங்கள். அதிலும் பொருந்தாத பகுதியை மட்டும் வேறு நிறத்தில் எழுதினால் போதும். ‘வாஸ்’ என்பதில் முதல் எழுத்து ஒழுங்காகத்தான் ஒலிக்கிறது. புத்தகத்தில் ஏற்கெனவே பென்சிலால் எழுதியிருப்பதை உடனே அழிக்கச் சொல்ல வேண்டாம். ஒரு சொல்லைத் தானாக வாசித்த அன்று, அந்தச் சொல்லின் மேல் உள்ளதை மட்டும் குழந்தையே ரப்பரால் அழிக்கட்டும்.